உப்பில்லாத ஊர்க் கதையை நான் மாற்றிச் சொன்னது

எறா உரிக்கிற கையோடு போனைத் தொட முடியாது. ஈர விரல் பட்டால் திரை நகராது. நகர்ந்தாலும் அந்த வாடை ஒரு வாரத்துக்குப் போனை விட்டுப் போகாது. காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கவும் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்பதில்லையாம். அதனால் ஊரே போனில் படம் பார்க்கிற இந்தக் காலத்திலும் காசிமேட்டில் எங்கள் கொட்டகைக்குக் கதை சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு படம் பார்த்தால் திங்கட்கிழமை முழுக்க அது கொட்டகையில் ஓடும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் கீறிக் கறுப்பு நரம்பை எடுப்பது கையின் வேலை. வாய் சும்மாதானே இருக்கிறது. "எழுத்து போடுறதுலேருந்து சொல்லுடி" என்பார்கள். சண்டை, பாட்டு, யார் என்ன கலர் சேலை, எதையும் விடக்கூடாது. மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். கதை பிடித்துப்போனால் "ஐஸ் தண்ணியே சூடாவுது" என்பாள். பிடிக்காவிட்டால் "ஜவ்வா இழுக்குது, கத்திரிச்சு வுடு" என்பாள். யார் வாயிலிருந்து இப்படி எது வந்தாலும் நான் மனசில் எடுத்து வைத்துக்கொள்வேன். எனக்கு அது ஒரு பைத்தியம்.

என் மகள் ஏழாவது படிக்கும்போது நல்ல கையெழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலே ஆன வெளிநாட்டுச் சிறுவர் நாவல், தமிழில் போட்டிருந்தார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்று பின்னட்டையில் எழுதியிருந்தது. என் மகள் இருபது பக்கம் படித்தாள். "இதுக்குப் படமே இருக்கும்மா, பாத்துக்கலாம்" என்று டிவி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் எட்டாவதோடு நின்றவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் பொட்டலம் மடித்த பேப்பரும் பஸ் போர்டும்தான். ஒரு மத்தியானம் கரண்ட் போனது, வேறு வேலை இல்லை, புத்தகத்தை எடுத்தேன்.

கதை இதுதான். கடற்கரை ஊரில் ஒரு பெண்பிள்ளை. அவள் அம்மா கப்பல்காரர்களுக்குத் துணி துவைக்கிறவள். வருஷத்தில் ஒரே ஒரு நாள் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும், அப்போது கல்படிகள் தெரியும். அம்மாவோடு சண்டை போட்ட அன்றைக்கு அந்தப் பெண் படியில் இறங்கிவிடுகிறாள். கீழே ஒரு ஊர். அங்கே உப்பே கிடையாது. சோற்றில் ருசி இல்லை, கண்ணில் நீர் இல்லை. சாவு விழுந்தாலும் எல்லோரும் காய்ந்த கண்ணோடு நிற்பார்கள். இவள் இடுப்பில் முடிந்து எடுத்துப்போன ஒரு பிடி உப்பால் அந்த ஊர் பிழைக்கிறது. அவளுக்கும் அந்த ஊரே பிடித்துப்போகிறது. துணைக்கு ஒரு நாரை. இறக்கை இருந்தும் பறக்காது, எங்கே போனாலும் நடந்தேதான் வரும், வழியெல்லாம் புலம்பும்.

இதை ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயமாகக் கொட்டகையில் சொன்னேன். புத்தகத்தில் அந்த நாரை, "பெண்ணே, பறத்தல் எனக்கு உகந்ததன்று" என்று பேசும். அப்படிச் சொன்னால் எங்கள் கொட்டகையில் எவள் கேட்பாள்? "பறக்குறதுன்னாலே பேஜாரு தங்கச்சி, நீ முன்னால போ, நான் நடந்துகினே வரேன்" என்று என் நாரை பேசியது. கொட்டகை சிரித்தது. உப்பில்லாத ஊர் என்றதும் எல்லோருடைய கையும் ஒரு நிமிஷம் நின்றது. கருவாடு எப்படிப் போடுவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அதைப் பற்றியே அரை மணி நேரம் பேச்சு ஓடியது. வெயிலில் வெறுமனே காயவைத்தால் புழு வைக்கும் என்று ஒரு கட்சி, புகை போடலாம் என்று ஒரு கட்சி. "நம்மள மாதிரி ஆளுங்க அங்க பொயக்கவே முடியாது" என்று மூலை அம்மா முடித்து வைத்தாள்.

எனக்கு எதிரில் உட்கார்ந்து உரிக்கிற அக்கா மட்டும் கருவாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அவ அம்மா என்னா பண்றா?" என்றுதான் தினமும் கேட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பிடித்த பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நேரே சொல்லிவிட்டே புறப்பட்டுப் போனவள். எண்ணூரில் வாடகை வீடு. அந்தப் பையனுக்கு அனல் மின் நிலையத்துப் பக்கம் ஒப்பந்த வேலை. கன்டெய்னர் லாரி அடைக்காவிட்டால் காசிமேட்டிலிருந்து முக்கால் மணியில் போய்விடலாம். அக்கா போகவில்லை. அவ வந்து கூப்பிடட்டும் என்பாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மகள் என்னிடம் போனில் சொல்வாள். இரண்டு பக்கமும் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

நான் பாதிக் கதை சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் அக்காவின் மகள் ஒரு நாள் கூப்பிட்டாள். அந்த வேலை முடிகிறதாம். புருஷனோடு குஜராத்துக்குப் போகிறாளாம், அடுத்த மாதம். "அம்மாகிட்ட சொல்லாத சித்தி. ஊர விட்டுப் போறேன்னு பரிதாபப்பட்டு வர வேணாம். வரணும்னு தோணி வரட்டும்" என்றாள்.

அன்றைக்கே நான் புத்தகத்தின் முடிவை எடுத்துப் படித்தேன். சப்பென்று இருந்தது. அம்மா கீழே போய் மகளைக் கூட்டி வரவில்லை, மகளும் வீட்டுக்குத் திரும்பவில்லை. இவ்வளவுதானா, இதற்கா உலகமே படிக்கிறது என்று கோபம் வந்தது. அக்காவுக்கு இதைச் சொன்னால் இவள் இன்னும் இறுகிப்போவாள். என் மகளிடம் போனில் அந்தப் படத்தைத் தேடித் தரச் சொன்னேன். பொம்மைகளை வைத்து எடுத்த பழைய படம் ஒன்று கிடைத்தது. என்ன பாஷையோ, ஒரு வார்த்தை புரியவில்லை, கதை முழுக்கப் புரிந்தது. அதில் அம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கி, மகள் கையைப் பிடித்துத் தரதரவென்று மேலே இழுத்து வருகிறாள். கடைசியில் நாரை கூடப் பறக்கிறது. நான் அழுதுவிட்டேன். இதுதான் நம் கொட்டகைக்கான முடிவு என்று அங்கேயே தீர்மானித்தேன்.

மிச்ச அத்தியாயங்களைச் சொல்லிக் கடைசிக்கு வந்தபோது அதையே புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். அம்மா இறங்குகிற இடத்தை நன்றாக நீட்டினேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு வைத்தேன். எல்லோரும் ஈரக் கையோடு தட்டினார்கள். அக்கா தலை நிமிரவில்லை. உரித்த எறாவைத் தட்டில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"நீ கதைய சொல்றியா, எனக்கு புத்தி சொல்றியா?"

அக்கா அடுத்த எறாவை எடுத்தாள். "அம்மாதான் எறங்கணும் இல்ல? அவ மேல ஒரு படி ஏற மாட்டா. நல்லாகீது" என்றாள். அடுத்த நாள் காலையில் வந்து வேறு மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். நான் சாப்பிட்டாயா என்று கேட்டாலும் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன, அங்கே எண்ணூரில் அந்தப் பெண் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அதே கதையைப் புதிதாக எடுத்த பெரிய படம், தமிழில் குரல் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்தது. முன்கூட்டியே விளம்பரம் போட்டதால் கொட்டகை மொத்தமும் பார்த்திருக்கிறது. திங்கட்கிழமை உள்ளே நுழையும்போதே எனக்குத் திட்டு. படத்தை எடுத்ததே நான்தான் என்பது போல.

அந்தப் படத்தில் பெண்ணுக்குக் கையில் வாள். உப்பெல்லாம் மந்திரக் கல்லாகிவிட்டது. நாரைக்கு நம் மெட்ராஸ் பாஷையைக் கொடுத்து, வாயைத் திறந்தாலே உதை வாங்குகிற கோமாளியாக்கிவிட்டார்கள். அது எனக்கும் சுருக்கென்றது. என் நாரையும் அந்தப் பாஷைதான் பேசியது, ஆனால் அது அந்தப் பாஷையிலேயே துக்கமும் பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் புயலில் அம்மா செத்துப்போகிறாள். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

"பெத்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட நேரம் வுடல, அனுப்பி வெச்சுட்டானுங்க" என்றாள் மூலை அம்மா.

எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பழையபடி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன் கதையில அம்மா எறங்கிப் போனா. டிவில அம்மா செத்துட்டா. புஸ்தகத்துல இன்னாதான் போட்டுகீது?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டும் இல்லக்கா. நான் மாத்திட்டேன்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நாளைக்கு எட்த்துனு வா" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சோப்புப் போட்டு, புளி தேய்த்து, கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தேன். அப்படியும் அந்தப் பக்கங்களில் எறா வாடை ஏறிவிட்டது, இன்னும் போகவில்லை. விரல் வைத்து மெதுவாகத்தான் எனக்குப் படிக்க வரும். சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் கேட்டார்கள். அடுத்த வருஷம் கடல் உள்வாங்குகிறது. மேலேயிருந்து அம்மா வருகிறாள், கீழேயிருந்து மகள் வருகிறாள். நடுவில், தண்ணீர் தொடாத கடைசிப் படியில் அம்மா உட்கார்கிறாள். அதற்கு அடுத்த படி ஈரமாக இருக்கிறது, அதில் மகள் உட்கார்கிறாள். அம்மா கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்து இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். தண்ணீர் ஏறியதும் எழுந்து அவரவர் வழியில் போகிறார்கள். அதற்கடுத்த வருஷமும் வருகிறார்கள். அவ்வளவுதான் கதை.

ரொட்டியைச் சாப்பிட்டபோது அவர்கள் என்ன பேசினார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அது புத்தகத்தில் இல்லை. அக்கா அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள், படித்தேன். இன்னொரு முறை என்றாள்.

"யாரு மொதல்ல வந்தது?"

"போடலக்கா."

"நல்லா பாரு."

மேலேயும் கீழேயும் தேடிப் பார்த்தேன். நிஜமாகவே போடவில்லை. அக்கா சோற்றுக் கிண்ணத்தை மூடி, கழுவி, பைக்குள் வைத்தாள்.  சாயங்காலம் வேலை முடிந்து நான் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ அவளோட போன்ல பேசிகினுதான் கீறேன்னு எனக்குத் தெரியும். பாதி வழியில திருவொத்தியூர் தேரடி வரைக்கும் நான் வரேன். அவள அது வரைக்கும் வரச் சொல்லு. அதுக்கு மேல ஒரு அடி வெக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் என்னையும் இட்டுக்கொண்டு போனாள். மடியில் ஒரு டிபன் பாக்ஸ், எறா தொக்கு. வழியில் லாரி வரிசை நின்றபோதெல்லாம் ஓட்டுபவரைத் திட்டினாள், சேலையை நீவி நீவி விட்டாள். தேரடியில் மகள் எங்களுக்கு முன்னாலேயே வந்து நிழல் இல்லாத இடத்தில் நின்றிருந்தாள். அக்கா என்னை டீக்கடைப் பக்கம் கைகாட்டிவிட்டுத் தனியாகப் போனாள்.

அவர்கள் கட்டிப்பிடிக்கவில்லை. அக்கா அவள் கழுத்தெலும்பைத் தொட்டு ஏதோ கேட்டாள், ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்றுதான் கேட்டிருப்பாள். அப்புறம் அக்கா கையை ஆட்டி ஆட்டிப் பேசத் தொடங்கினாள். மகளும் கையை ஆட்டிப் பதில் சொன்னாள். நான் இரண்டாவது டீ சொன்னேன். அதைக் குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மகள் டிபன் பாக்ஸை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் என்னைப் பார்த்து நடந்து வந்தார்கள்.

"நீ வூட்டுக்குப் போ" என்றாள் அக்கா. "நான் எண்ணூர் வரைக்கும் போய், அந்த வூட்ட இவ எப்டி வெச்சிகீறான்னு பாத்துட்டு வரேன்."

எண்ணூர் ஆட்டோ வந்து நின்றது. மகளை முதலில் ஏற்றிவிட்டு, ஒரு காலை உள்ளே வைத்தபடி அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"குஜராத் போறாளாமே. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் டீக்கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்குவது போலத் திரும்பிக்கொண்டேன்.

"நாளைக்குக் கொட்டகைக்கு வருவ இல்ல, அங்க வெச்சிக்கிறேன் உன்ன" என்று சொல்லிவிட்டு, மகளை இன்னும் தள்ளி உட்காரச் சொல்லி ஏறிக்கொண்டாள்.