முழுசாகத் திரும்பிய குடுவைகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஸ்டோர் சாவி ஓர் அக்காவிடம் இருக்கிறது. கண்ணாடிச் சாமான் விஷயத்தில் அவர் மகா கறார். உடைத்தவர்கள் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டி, திட்டு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்ட பிறகுதான் புதுசு கிடைக்கும். என்னை மட்டும் அவர் திட்டியதே இல்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கும் என்னைப் பார்த்ததும், "நாஷ்டா துன்னியா?" என்பார். மற்றவர்களிடம், "இந்தப் பொண்ணப் பாருங்க. எப்ப எடுத்துக்கினு போனாலும் முழுசா கொண்ணாந்து வெக்குது" என்று என்னைக் காட்டி அவர்கள் மானத்தை வாங்குவார்.

உண்மையில் மானம் போனது எனக்குத்தான்.

என் வேலை திரவப் படிகப் பாலிமர் தயாரிப்பது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் உருகினால் அதன் மூலக்கூறுகள் கண்டபடி கலைந்துவிடும். இது உருகி ஓடும்போதும் ஒழுங்கு விடாது. சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் கேட்டிலிருந்து பாயும் கூட்டம் மாதிரி: முட்டும், மோதும், ஆனால் எல்லா முகமும் ஸ்டேஷன் பக்கம்தான் இருக்கும். போனுக்குள்ளே இருக்கும் சின்னச் சின்ன கனெக்டர்களுக்கு இந்தச் சரக்கு வேண்டும். நாமே செய்து பார்க்கலாம் என்று முதலாளிக்கு ஆசை. ஓர் அறையைக் கொடுத்து என்னை உட்கார வைத்தார்.

மூன்று கழுத்துக் கண்ணாடிக் குடுவையில் பொடிகளைப் போட்டுச் சூடாக்கிக் கிளறுவேன். அறை முழுக்க வினிகர் நெடி அடிக்கும். அந்த ஆவியை வேக்குவம் பம்ப் முழுசாக உறிஞ்சி எடுத்தால்தான் சங்கிலி நீளும். மூலக்கூறுச் சங்கிலி நீளமாக வளர்ந்திருந்தால், ஆறும்போது பாலிமர் இறுகிக் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். குடுவையைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வளராவிட்டால் தூளாக உதிர்ந்துவிடும், குடுவையைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆக, அக்கா மெச்சிய ஒவ்வொரு முழுக் குடுவையும் என் தோல்வி. அதை அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. அந்தக் கம்பெனியில் என்னை மெச்ச இருந்தது அவர் ஒருத்தர்தான்.

ஒருநாள் முதலாளிக்குப் பொறுமை தீர்ந்தது. "மாசக் கடைசி வரைக்கும் பாரும்மா. சரக்கு வரலேன்னா ரூமை மூடிட்டு, நீ மூட்டை செக்கிங்குக்குப் போயிடு" என்றார். நான் டிபன் பாக்ஸை மூடிய சத்தம் அன்று கேன்டீன் முழுக்கக் கேட்டது.

அதே கோபத்தில் வேக்குவம் பம்பின் விரிசல் விட்ட பழைய ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினேன். இந்த முறை குடுவைக்குள் இருந்த குழம்பு பால் நிறத்தில் மினுமினுத்தது. கிளறும் தண்டு திணறியது. ஆறவைத்துக் கவிழ்த்தேன், தட்டினேன், ஒரு தூள்கூட உதிரவில்லை. கையில் சுத்தியலோடு நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

உடைத்து எடுத்த பாலிமரில் ஒரு சில்லை, ஒழுங்காக அடுக்கிய மூலக்கூறுகள் மட்டும் ஒளிரும்படி வடிகட்டி போட்ட மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சூடாக்கினேன். சாதாரண பிளாஸ்டிக்காக இருந்தால் உருகியதும் இருட்டிவிடும். இது உருகியும் இருட்டவில்லை. வண்ண வண்ண நூல்கள் நெளிந்தன. முதலாளி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ரூம் இருக்கட்டும். இன்னொரு தடவை பண்ணும்மா" என்றார்.

இன்னொரு தடவை பண்ணக் குடுவை வேண்டுமே. துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "நீயுமா?"

"அக்கா, ஒடைஞ்சாத்தான் இது பாஸ். முழுசா கொண்டுவந்ததெல்லாம் ஃபெயில்."

அவர் துண்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா நான் மெச்சிக்கினு கெடந்தது? உனக்கு எவ்ளோ பேஜாரா இருந்திருக்கும்! வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

  அவர் ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு புதுக் குடுவையை இறக்கி என் கையில் வைத்தார்.

"இந்தா. இத மட்டும் முழுசா திருப்பிக் கொண்ணாந்தியோ, அப்பால இருக்குது உனக்கு."