டேங்க் அடியில் தேங்கிய வெளிச்செண்ணெய்

சாலி சார் இன்ஜினை என் மேசைமேல் போட்ட வேகத்தில் சாயா கிளாஸ் கவிழ்ந்தது.

"நைட்ரோ இல்லாம வெறும் பச்சவெள்ளத்தைக் கலக்கிக் கொடுத்து என்ட ப்ளேனைக் கொன்னுட்டீங்களே இத்தா!"

மட்டாஞ்சேரி பஜார் ரோடில் எங்கள் கடை. முன்பக்கம் படகு இன்ஜின் பாகங்கள். பின்பக்கம் ஒரு மேசை நிறைய மாடல் விமான இன்ஜின்கள். அந்த மேசையில் எனக்குப் பதினெட்டு வருஷம்; வருகிறவர்களுக்கெல்லாம் நான் இத்தா, அதாவது அக்கா. ரிப்பேரும் நான்தான், எரிபொருள் கலக்குவதும் நான்தான். நைட்ரோ சேர்த்தால் இன்ஜினுக்கு வேகம் கூடும், மெதுவாக ஓடும்போதும் நிற்காது. அது விலை ஏறி, பிறகு கிடைக்காமலே போனபோது, அது இல்லாமல் ஓட்டும் வழியை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு ஆமணக்கெண்ணெய். பற்றவைக்கும் க்ளோ பிளக் சூடான ரகம். எரிபொருள் அளவை மாற்றும் நீடிலைக் கொஞ்சம் உள்ளே திருக வேண்டும். ஐடிலில், மெதுவாக ஓடும்போது, சற்றுத் தடுமாறும், அவ்வளவுதான். வேறு எதையும் சேர்க்காதீர்கள் என்று ஒவ்வொரு பாட்டில் கொடுக்கும்போதும் சொல்வேன்.

சாலி சார் மாடல் விமான க்ளப்பின் செக்ரட்டரி. முந்தின நாள் காலை வைப்பின் தீவுக் கடற்கரையில் அவருடைய விமானம் திரும்பும்போது இன்ஜின் நின்றுவிட்டது. விழுந்த இடத்தில் ஒரு பெண் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை தூரத்தில் தப்பினாள்.

"நீடில் எத்தனை சுற்றுல வெச்சிருந்தீங்க சார்?" என்று கேட்டேன். அவர் முதலாளி பக்கம் திரும்பி, "ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எந்தறியும்?" என்றார். அவருடைய அத்தனை இன்ஜினுக்கும் பேரிங் மாற்றியவள் நான்.

முதலாளி தூத்துக்குடிக்காரர். நல்லவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"மன்னிப்புக் கேட்டுரும்மா. க்ளப்பு போச்சுன்னா அந்த மேசையை எடுத்துருவேன்."

"திறந்து பாத்துட்டுப் பேசலாம் முதலாளி. பத்து நிமிஷம்."

"திறக்கிறது அப்புறம். சார் நிக்கிறாருல்ல?"

அந்த மேசையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. போனை எடுத்து க்ளப்பின் வாட்ஸாப் குரூப்பில் பேசி அனுப்பினேன். "கலவையில தப்பு என்னோடதுதான். எல்லாரும் மன்னிக்கணும்." என் குரலை நானே கேட்கச் சகிக்கவில்லை. சாலி சார் தலையாட்டிவிட்டு, முதலாளி வரவழைத்த சாயாவைக் குடிக்க முன்பக்கம் போய் உட்கார்ந்தார்.

பிறகு திறந்தேன். பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. பிளக்கின் கம்பி அறுந்திருக்கவில்லை, ஆனால் எண்ணெயில் முழுகியிருந்தது. இன்ஜினோடு வந்த டேங்கைக் கழற்றி, மீதமிருந்ததை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கலவை இரண்டாகப் பிரிந்தது. மேலே மெத்தனால், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய். மூடியைத் திறந்து முகர்ந்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

பாட்டிலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "இதுல என்ன சேர்த்தீங்க?"

"ஓ, அதா? நைட்ரோ இல்லாத்ததுகொண்டு இன்ஜின் சூடாகும்னு நினைச்சு ரெண்டு ஸ்பூன் வெளிச்செண்ணெய் ஒழிச்சேன். நம்ம வீட்டு மில்லுல ஆட்டினது இத்தா, ப்யூர்!"

தேங்காயெண்ணெயைத்தான் இங்கே வெளிச்செண்ணெய் என்பார்கள். இந்த ஊரில் தலைக்கும் தேங்காயெண்ணெய், தாளிக்கவும் தேங்காயெண்ணெய், கதவுக் கீல் முனகினாலும் தேங்காயெண்ணெய். இவர் இன்ஜினுக்கும் ஊற்றியிருக்கிறார்! ஆமணக்கெண்ணெய் மெத்தனாலில் கரையும். தேங்காயெண்ணெய் கரையாது, டேங்கின் அடியில் போய்த் தேங்கும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் முனையும் அடியில்தான் கிடக்கிறது. விமானம் திரும்பும்போது ஒரு வாய் எண்ணெய் மட்டும் உள்ளே போயிருக்கிறது, பிளக் அணைந்திருக்கிறது. மீன்காரப் பெண் சாகப் பார்த்தது இவருடைய இரண்டு ஸ்பூன் பெருமையால்.

"இதைக் குரூப்புல சொல்லுங்க சார். நான் சொன்ன மாதிரியே உங்க வாயால சொல்லுங்க."

"போடாம், போட்டுடறேன்" என்று சிரித்தார். சாயங்காலம் போட்டார்: "ப்ராப்ளம் சால்வ்ட்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல். என் பெயரும் இல்லை, வெளிச்செண்ணெயும் இல்லை. முதலாளியிடம் காட்டினேன்.

"விடும்மா, முடிஞ்சதுதானே."

எனக்கு முடியவில்லை. பாட்டிலை இறுக மூடி, 'சாலி சார் டேங்க்' என்று சீட்டு ஒட்டி, வெயில் படாத இடமாகப் பார்த்து கவுண்டரில் வைத்தேன். முதலாளி இரண்டு முறை உள்ளே எடுத்து வைத்தார். இரண்டு முறையும் நான் வெளியே எடுத்து வைத்தேன். மூன்றாவது முறை அவர் தொடவில்லை. வருகிறவர்கள் கேட்கிறார்கள், நான் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நீடிலும் பிளக்கும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: இன்ஜினைத் திறக்கும் முன் மன்னிப்புக் கேட்காதீர்கள். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேனே, சாலி சார்மேல் உள்ள கோபம்கூட ஒருநாள் ஆறிவிடும், என்மேல் உள்ளது ஆறாது.