பத்தாவது ஊசி

அண்ணனையும் எங்கள் ஜோடியில் இடப்பக்க மாட்டையும் ஒரே நாய், ஒரே மாலையில், சில நிமிட இடைவெளியில் கடித்தது. மாட்டுக்கு மேலுதட்டில்; விரட்டப்போன அண்ணனுக்குக் கெண்டைக்காலில். நாய் வாய்க்காலைத் தாண்டிப் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வில்லியனூரில் ரயிலேறிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தில் அண்ணி பூசியிருந்த மிளகாய் விழுதைக் கம்பவுண்டர் கழுவி எடுத்தார். பிரெஞ்சு டாக்டர் சொன்னதை அவர்தான் தமிழில் சொன்னார். வயிற்றில் பதினான்கு ஊசி. தினம் ஒன்று. ஒரு நாளும் விடக்கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் தொண்டையில் தண்ணீர் இறங்காது; பிறகு யாரும் பிழைப்பதில்லை.

"மாட்டையும் கடிச்சிதுங்க. அதுக்கும் போடுவீங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"மாட்டுக்கு இங்க மருந்து கெடையாது. தனியா கட்டிவச்சுப் பாருங்க."

அந்தப் பதிலை அண்ணன் தன் கணக்காக மாற்றிக்கொண்டார். கடித்தது ஒரே நாய். அதற்கு வெறி இருந்திருந்தால் ஊசி போடாத மாட்டுக்குத்தான் முதலில் தெரியும். தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கால் கழுவுவதற்கு முன்பே கொட்டகைக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார். அது உறிஞ்சும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்குள் வருவார். மாடு நன்றாகக் குடித்தது. அண்ணனுடைய வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டியிருந்தது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

ஊசி தொடங்கிய பத்தாம் நாள் ஊர்ப் பொதுக் கரும்பாலையில் எங்கள் முறை. விட்டால் வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்துவிடும். ஆலையைச் சுற்ற இரண்டு மாடுகள் வேண்டும். எங்களுக்கு முந்தின முறைக்காரர் ஆலையடியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாபா, தெனம் ரயிலேறி டவுன் பாக்கப் போற? ஊசி போட்ட நீ கூனிக்கினு நடக்கற. போடாத மாடு ஜம்முனு நிக்கிது. டாக்டரு அதுக்கிட்ட வந்து கத்துக்கட்டும்."

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ இன்னாடா சொல்ற?" என்றார். நிலம், மாடு எதைப் பற்றியும் அவர் என்னிடம் அதுவரை யோசனை கேட்டதில்லை.

நான் மாட்டைப் பார்த்தேன். தோகையை மென்றுகொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

பத்தாவது ஊசிக்கு நாங்கள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

கடிபட்ட இருபத்தாறாம் நாள், ஆலையில் எங்கள் முறை மறுபடி வந்தபோது, மாடு பாதிச் சுற்றில் நின்றது. மென்ற தோகை வாயில் தொங்கியது. எச்சில் நூலாகத் தரைவரை இறங்கியது. கம்மிய குரலில் விடாமல் கத்தியது.

"தொண்டையில கரும்பு சிக்கிக்கிச்சு. கைய வுட்டுப் பாரு" என்றார் அன்று கேலி பேசிய அதே ஆள்.

அண்ணன் கொப்பரையில் பாகு கிண்டிக்கொண்டிருந்தார். நான் மாட்டின் நாக்கை ஒதுக்கிவிட்டு முழங்கை வரை கையை விட்டேன். தொண்டையில் ஒன்றுமில்லை. கையை எடுத்தபோது, கரும்புத் தோகை அறுத்த கீறல்களின் மேல் எச்சில் வழிந்தது. நாயின் நினைவு அப்போதுதான் வந்தது.

அண்ணன் கரண்டியோடு ஓடிவந்தார். தண்ணீர் வாளியை மாட்டின் முன்னால் வைத்தார். மாடு முகத்தை உள்ளே விட்டது. உறிஞ்சும் சத்தம் வரவில்லை.

"கைய கழுவுடா" என்றார்.

மாட்டைப் பனைமரத்தில் கட்டிவிட்டு, மறுநாள் முதல் ரயிலில் போனோம்.

"ஒன்பதோட ஏன் நிறுத்தின?" என்று கம்பவுண்டர் கேட்டார்.

"மாடு நல்லா இருந்துதுங்க."

அதை அவர் டாக்டரிடம் பிரெஞ்சில் சொன்னார். டாக்டர் என் கையிலிருந்த கீறல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் காட்டி ஒரு விரலை உயர்த்தினார். முதல் ஊசியிலிருந்து.

"அண்ணனுக்கு இனிமே பலிக்குமா?" என்று கேட்டேன்.

"இப்ப சொல்ல முடியாது. படு."

மூன்றாம் நாள் மாடு செத்தது. நாங்கள் பதினான்கில் ஒன்றையும் விடவில்லை. ஆனால் ஊசி முடிந்ததும் பயம் முடியவில்லை. ஒவ்வொரு வேளையும் அண்ணி இரண்டு செம்பில் தண்ணீர் வைப்பாள். அண்ணன் குடிப்பதை நான் பார்ப்பேன். நான் குடிப்பதை அவர் பார்ப்பார். இரண்டு செம்பும் கீழே வைக்கப்படும் வரை அண்ணி அங்கிருந்து நகரமாட்டாள்.

மறு வருஷம் ஆலை முறை வரும்வரை இப்படியே நடந்தது. அன்று காலை அண்ணன் என்னைப் பார்க்காமலே குடித்துவிட்டு, புது மாட்டைப் பிடிக்க எழுந்து போனார்.