அப்பா நீட்டின டீ

பாண்டி பீச்சோரம் இருக்குற போட்டோ கேலரிக்குள்ள சும்மா ஏசிக்காகத்தான் நுழைஞ்சேன். ஒரு போட்டோ முன்னாடி அப்படியே நின்னுட்டேன். எங்க ஊரு திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம். அதுல போன வருஷம் செத்துப்போன எங்கப்பா, தோள்ல என் காலேஜ் பேக்கோட, சிரிச்சுக்கிட்டே டீ கப்பை நீட்டுறாரு. வீட்ல மாலை போட்டிருக்கறது வோட்டர் ஐடில இருந்து பெருசாக்கின முறைப்பு மூஞ்சிதான்.

அந்த டீ எனக்குத்தான். "போறவன் வர்றவன்கிட்டல்லாம் பேசிட்டே இருப்பியா? நான் போறேன்"னு அன்னைக்குக் கத்திட்டு முன்னாடி நடந்தேன். "ஆறிடும்டா, குடிச்சுட்டுக் கோச்சுக்கோ"ன்னாரு. நான் திரும்பவே இல்ல. போட்டோலயும் நான் இல்ல.

என்னையறியாம கையை வெச்சுட்டேன். "தொடாதீங்க சார்"னு கேலரிப் பொண்ணு வந்தா.

"எங்கப்பாங்க."

அவ, "அவரு கை நீட்டுற பக்கமா நில்லுங்க, நான் எடுக்குறேன்"னு என் போனை வாங்கினா.

வெறும் சுவரோரம் நின்னு கையை நீட்டினேன். ஆறிப்போயிருந்தாலும் பரவால்லப்பா, குடு.