நான் ஒப்பித்த எழுத்துகள்

வெள்ளைத் துணி எனக்கு மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்ட்டின் பேஸ்மெண்ட்டில் மேசை போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை கருகும்போது முதலில் இளமஞ்சளாக மாறும். அப்போதே பெட்டியைத் தூக்கிவிட வேண்டும். எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறவனுக்கு அது எப்படிப் பிடிபடும்? இரண்டு சட்டைகள் வீணாயின.

அசோசியேஷன் செக்ரெட்டரி கீழே இறங்கி வந்தார். "இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா வேற ஆளைத்தான் பார்க்கணும்ப்பா. போய் முதல்ல கண்ணைக் காட்டு," என்றார். அவருக்கும் கண்ணில் புரைதான். தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வாரமே நாள் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து மகள் வரட்டும் என்று அவராகத்தான் தள்ளிப்போட்டார்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீலசந்திராவில் எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவும் கூட வந்தார். அவருக்கும் அதே கோளாறு. ஒரு நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே வரிசை நகர்ந்தது. முன்னால் உட்காருகிறவர் படிப்பது பின்னால் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்.

"ஓதக்கே பரத்தா?" என்று, படிக்க வருமா என்பதைக் கன்னடத்தில் நர்ஸ் ஒவ்வொருவரையும் கேட்டார். படிக்கத் தெரியாது என்றால் வேறு பலகை. சீப்புப் பல் மாதிரி மூன்று கோடுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும்.

"எனக்கு எங்கம்மா படிப்பு?" என்றார் அக்கா சத்தமாக. "பலகை மட்டும்தான் வெளுப்பா தெரியுது. எந்தப் பக்கம்னு நீயே சொல்லிடேன், நானும் அப்படியே கையக் காட்டிடுறேன்." வரிசையே சிரித்தது.

என் முறை வந்தது. பின்னால் கழுத்தில் ஆபீஸ் கார்டு தொங்கும் பிள்ளைகள் நின்றார்கள். அவர்கள் முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பரத்தே," என்றேன்.

ஐந்தாவது வரை படித்தவன் நான். அந்தப் படிப்பும் காதால் படித்ததுதான். முன் வரிசைப் பையன்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன், என் முறை வரும்போது அதையே சொல்லி அடியிலிருந்து தப்பிப்பேன். அன்றும் நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் பலகை முழுவதும் காதில் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தது மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்துதான். வாய் கீழ் வரிவரைக்கும் போய் வந்தது. நர்ஸ் "குட்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர் சோதிப்பது என் கண்ணை, படிப்பை அல்ல என்பது உறைக்கவே இல்லை.

உள்ளே டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்தார். "புரை இருக்கு. ஆனா பார்வை இன்னும் நல்லாத்தானே இருக்கு? சுத்தமா தெரியாதவங்களுக்குத்தான் முதல்ல பண்றோம். வேலை செய்யக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். பின்னால் நின்ற கூட்டம் முதுகில் இடித்தது. "பரவால்ல மேடம்," என்றேன். மழைக்காலம் முடிந்து வரச் சொன்னார்.

அக்காவுக்குச் சீக்கிரமே கூப்பிட்டு ஆபரேஷன் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு வந்து என் வாசலில் நின்றார்.

"இன்னா தம்பி, உன்னக் கூப்புடலியா?"

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இவ்வளவு சீக்கிரம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன், கூப்ட்டாங்க. நீதான் கடகடன்னு அத்தனையும் ஒப்பிச்சியே! நல்லா கண்ணு தெரியுறவனுக்கு எதுக்கு ஆபரேஷன்னு நானே நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அக்காவின் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமில்லாதது, ஆனாலும் வந்தது. பள்ளிக்கூடத்தையே மிதிக்காதவருக்கு முதலிடம். ஐந்து வருடம் படித்ததற்கு எனக்குக் கிடைத்தது காத்திருப்பு. எல்லோர் காதிலும் விழுகிற இடத்தில் பலகையை மாட்டியவர்கள் மேலும் கோபம் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். உள்ளே போய் என்னவென்று சொல்வது? கேட்டதை ஒப்பித்தேன் என்றா? திரும்பிவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு கல்யாண வீட்டுக் குர்த்தா கருகியது. மறுநாள் என் மேசை இருந்த இடத்தில் நீராவிப் பெட்டியோடு வேறு ஒருவர் நின்றார்.

மழை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். படிக்கத் தெரியாது என்றேன். கோட்டுப் பலகையில் எதுவும் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். இம்முறை நாள் கிடைத்தது.

கண் தெளிந்த பிறகு அந்த அபார்ட்மெண்ட்டுக்குப் போனேன். அங்கே பின்பக்க பிளாக்கின் கீழே இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு மேசை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் போனேன். செக்ரெட்டரி லிஃப்ட்டுக்காக நின்றிருந்தார்.

"ஆபரேஷன் ஆயிடுச்சா? வெரி குட். இதை முன்னாடியே பண்ணியிருந்தா இவ்வளவு பிரச்சினை வந்திருக்காதே. இந்த விஷயத்துல எல்லாம் அலட்சியமா இருக்கக்கூடாதுப்பா," என்றார்.

"ஆமா சார்," என்றேன்.

லிஃப்ட் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். இடத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை.