தம்பி பேரில் விழுந்த அடி

ஆஸ்பத்திரியில் பேர் கேட்டபோது வீரம்மாள் கொழுந்தன் பேரைச் சொன்னாள். "தனகோட்டிங்க" என்றாள். கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன் கலியன். இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அவளுக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. அதை நினைத்துப் பின்னால் தன் வாயிலேயே எத்தனையோ தடவை அடித்துக்கொண்டாள்.

சீட்டு என்றால் காண்டிராக்டர் கொடுக்கும் வேலைச் சீட்டு. சுரங்கம் வந்து வயல்வேலை போன ஊர்களில் அந்தக் காண்டிராக்டர் வூட்டுக்கு ஒரு சீட்டுதான் கொடுத்தார். மூன்று நாள் ஆள் வராவிட்டால் அதுவும் ரத்து. அதனால் அண்ணன் போக முடியாத நாளில் தம்பி போவான், தம்பி போக முடியாத நாளில் அண்ணன் போவான். எவன் போனாலும் பேர் ஒன்றுதான். மேஸ்திரி கொளஞ்சியப்பனுக்கு இது தெரியாமல் இல்லை. "மம்மட்டி புடிக்க ரெண்டு கை வந்தா போதும், மூஞ்சிய யாரு பாக்கறா?" என்பான். காலையில் வந்த ஆளைக் குறிக்கும் மஸ்டர் நோட்டை நீட்டுவான். வந்தவன் பெருவிரலை மையில் தோய்த்து அதில் உருட்டிவிட்டு வேலைக்கு இறங்குவான்.

1964 மாசியில் தனகோட்டியின் மாமனார் திருவதிகையில் இறந்துபோனார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, கொள்ளி வைக்கத் தம்பி அங்கே போனான். அண்ணன் சீட்டோடு சுரங்கத்துக்குப் போனான். மண் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிக் கொட்டும் வேலை. மேலேயிருந்து குடம் பெரிசுக்கு ஒரு களிமண் பாளம், உள்ளே கல்லோடு, தலையில் விழுந்தது. பர்மனென்ட் ஆட்களுக்குத் தலையில் தொப்பி உண்டு. கலியன் தலையில் இருந்தது துண்டு.

எட்டாம் நாள் கண் திறந்தான். ஒரு மாதத்தில் புண் ஆறிவிட்டது. ஆறாதது வேறே இருந்தது. குழாயடிக்குப் போனால் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்தபடியே நிற்பான். சொந்த வூட்டு வாசலில் நின்று, "இது யாரு வூடு?" என்பான். சோற்றைத் தின்றுவிட்டுக் கை காயும் முன்னே சோறு கேட்பான். பெற்ற பெண் அழுதால் காதைப் பொத்திக்கொண்டு அவளை அடிக்கப் பாய்வான். மூளையில் அடி, இனிமேல் இப்படித்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்திலும் பேர் தனகோட்டி.

வீரம்மாள் நஷ்டஈடு கேட்டுக் கூட்டிப்போனபோது காண்டிராக்டரின் குமாஸ்தா கலியனை மேலும் கீழும் பார்த்தான். "கையி கால் எல்லாம் ஜோராத்தானே கீது? எங்க மஸ்டர்ல கலியன்னு ஆளே கெடையாது" என்று அனுப்பிவிட்டான்.

சுரங்கத்தில் மெஷின் பிட்டராக இருந்த கருப்பசாமி தொழிற்சங்கத்துக்காரர், திருநெல்வேலிப் பக்கம். அவர்தான் நஷ்டஈட்டுச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்து மனு எழுதினார்.

"ஏம்மா, பேர மாத்திச் சொன்னியே, அத மறைக்காத. நம்ம தப்ப நாமளே முதல்ல சொல்லிருவோம்."

"சொன்னா சீட்டு போயிடுமேண்ணே. கொழுந்தன் புள்ளைங்க என்னா துன்னும்?"

"இங்க ஒரு மனுசனே போயிட்டான், இன்னமும் சீட்டா?"

அவள் எழுந்து வூட்டுக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து வந்து மனுவில் கைநாட்டு வைத்தாள்.

கடலூரில் நஷ்டஈட்டு அதிகாரி முன்னால் விசாரணை. காண்டிராக்டரின் வக்கீல் தன் சாட்சியாகத் தனகோட்டியையே கூட்டிவந்து நிறுத்தினார். அவன் தலையை அதிகாரிக்குக் காட்டினார்.

"மஸ்டரில் உள்ள தனகோட்டி இவன். தலையில் ஒரு கீறல் உண்டா, பாருங்கள். தனகோட்டி, அன்றைக்கு நீ வேலைக்கு வந்தாயா?"

"வந்தேங்க" என்றான் தனகோட்டி. அண்ணி பக்கம் திரும்பவே இல்லை.

வீரம்மாள் எழுந்துவிட்டாள். "அடப்பாவி, உங்க மாமனாருக்குக் கொள்ளி வச்சது யாருடா, ஆவியா?"

"சும்மா இரும்மா" என்றார் அதிகாரி. வக்கீல் அடுத்த வாதத்துக்குப் போனார். சட்டத்தின் அட்டவணையில் கை போனால் இத்தனை, விரல் போனால் இத்தனை என்று இருக்கிறது. இந்த ஆளுக்கு எந்த உறுப்பு குறைந்தது?

அதிகாரி மஸ்டர் நோட்டை வாங்கி அன்றைய ரேகையைப் பார்த்தார். இரண்டு பேருடைய ரேகையையும் எடுக்கச் சொன்னார். மேஜைமேல் மைப்பெட்டியைத் திறந்து வைத்ததுதான் தாமதம், யாரும் கூப்பிடாமலே கலியன் எழுந்து வந்தான். பெருவிரலை மையில் உருட்டிக் காகிதத்தில் வைத்தான். மறுபடி வைத்தான். கீழே, பக்கத்தில், மேஜைத் துணியில், அதிகாரியின் கோப்பின்மேல், விடாமல் வைத்துக்கொண்டே போனான். "மேஸ்திரி, எறங்கட்டுமா? எறங்கட்டுமா?" என்று கேட்டான். அறையில் எவனோ சிரித்தான்.

"எவன்டா அவன் சிரிக்கறது?" என்று திரும்பிய வீரம்மாள் புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்யா, வா. எறங்கனதெல்லாம் போதும்."

"உறுப்பு கேட்டீர்களே" என்றார் அதிகாரி வக்கீலைப் பார்த்து. மைக்கறை படிந்த தன் கோப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

தனகோட்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "அன்னிக்கு நான் வரலைங்க. எங்கண்ணன்தாங்க போனாரு. பொய் சொல்லலேன்னா சீட்ட கிழிச்சிடுவேன்னாரு மேஸ்திரி."

அண்ணன் தம்பி கூடிப் பேசிக்கொண்டது என்று வக்கீல் ஆட்சேபம் சொன்னார். ரேகைகளைச் சென்னைக்கு நிபுணரிடம் அனுப்ப உத்தரவாயிற்று. அதிகாரியின் குமாஸ்தா வீரம்மாளின் வாக்குமூலத்தை எழுதிக் கைநாட்டுக்கு நீட்டினார். படித்துக் காட்டச் சொன்னாள்.

"கலியன் என்று சொல்லப்படும் நபர்..."

"நிறுத்துங்க. யாரு சொல்றது?"

"ரிப்போர்ட் வரும்வரை அப்படித்தான் எழுதணும்மா."

"ஐயா, இது என் வாக்குமூலம்தானே? நான் சொன்னதத்தானே எழுதணும்? பன்னெண்டு வருசம் குடும்பம் பண்ணின ஆள நான் அப்பிடிச் சொல்லுவனா? ஒருதரம் பேர மாத்தினேன், அந்தப் பாவத்த நான் படறேன். இன்னொரு தரம் மாத்த மாட்டேன்."

அதிகாரி கோப்பை வாங்கி அந்த வார்த்தைகளை அடித்தார். 'என் கணவர் கலியன்' என்று எழுதி ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். அதன் பிறகுதான் அவள் விரலை மையில் வைத்தாள்.

நான்கு மாதம் கழித்து ரேகை கலியனுடையதே என்று ரிப்போர்ட் வந்தது. முழு நஷ்டஈடு கொடுக்க உத்தரவாயிற்று. தனகோட்டியின் சீட்டு அதற்கு முன்னாலேயே கிழிக்கப்பட்டிருந்தது. ஆள்மாறாட்டம் என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஆளை மாற்றி வேலை வாங்கிய கொளஞ்சியப்பனுக்கு ஒரு குறையும் வரவில்லை. உத்தரவு வந்த நாள் காலையிலும் நாற்பது பேர் பெல்ட்டடியில் இறங்கினார்கள். எல்லார் தலையிலும் துண்டுதான் இருந்தது.