கிராம் அக்காவின் பச்சை

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் கிராம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழிப்பறைக் கோப்பையும் கைகழுவும் தொட்டியும் செய்கிற தொழிற்சாலை அது. அங்கே எடை அறையில் பன்னிரண்டு வருஷம் வெள்ளைப் பொடிகளை நிறுத்துக் கொடுத்தவள். எடைப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குத் ‘தவறு’ என்று தலைப்பு. மற்றவர்கள் பக்கத்தில் அந்தக் கட்டம் நிரம்பி வழியும். அவள் பக்கத்தில் பன்னிரண்டு வருஷமும் வெறும் கோடுதான். வெளியிலிருந்து யார் வந்தாலும் சூப்பர்வைசர் அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். வீட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. "கொஞ்சம் உப்பு போடு" என்று புருஷன் சொன்னால், "கொஞ்சம்னா எத்தனை கிராம்?" என்பாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு கிண்ணத்தைப் பார்த்து மயங்கினாள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய பீங்கான் கிண்ணம், செலடான் என்கிற பச்சைப் பூச்சு பூசியது. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். தடித்த கண்ணாடி பாட்டிலை வெயிலில் பிடித்தால் அடியில் தெரியுமே, அது. செதுக்கிய இதழ்களின் பள்ளங்களில் பச்சை தேங்கி நின்றது, மேடுகளில் மெலிந்து வெளுத்தது. மூக்கு முட்டும் அளவு குனிந்தவளைக் காவலாளி இரண்டு முறை தள்ளி நிற்கச் சொன்னார். மூன்றாவது முறை அவரே சலித்துப்போய் வேறு அறைக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே பைத்தியம். நாலு வருஷம் சனி ஞாயிறுகளில் சக்கரத்தில் உட்கார்ந்து மண் வனையக் கற்றாள். கிண்ணம் வந்தது, பச்சை வரவில்லை. கடைசியில் தொழிற்சாலையில் ஆறு மாசம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தாள். "பச்சை கிடைச்சா வேலையை விட்டுடுவேன். கிடைக்கலேன்னா திரும்பிப் போயி, வாயை மூடிக்கிட்டு கோப்பைக்குப் பொடி நிறுப்பேன்" என்று புருஷனிடம் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான். அதுவும் அவளுடைய குணம்.

புருஷன் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். ஊரில் எந்த அடுப்பு இருமினாலும் அவருக்குத்தான் போன் வரும். கொல்லைப்புறத்தில் நெருப்புச் செங்கல் அடுக்கி, ஆளுயரத்துக்கு ஒரு சூளை கட்டி, அதற்கு நாலு பர்னரும் வைத்துக் கொடுத்தார். செலடானுக்கு இரண்டு விஷயம் சரியாக அமைய வேண்டும். பாண்டத்தின் மேல் பூசுகிற கிளேஸ், அதாவது உருகிக் கண்ணாடியாகப் படிகிற பூச்சு, அதில் ஒரு சிட்டிகை இரும்புத்தூள் இருக்க வேண்டும். தீயில் காற்றைக் குறைத்துச் சூளையைப் புகையோடு மூச்சுத்திணற வைக்க வேண்டும். அப்போதுதான் துருவின் செம்மை போய்ப் பச்சை பிறக்கும். ஆகவே வீட்டில் பாகப்பிரிவினை ஆனது: பொடி அவளுடையது, தீ அவருடையது.

குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. நூலகத்துப் புத்தகத்தில் எட்டு, வனைகிறவர்களிடம் கெஞ்சி வாங்கியது பதினாலு, இன்னும் எங்கெங்கோ தேடிப் பிடித்தது. ஒவ்வொன்றும் ‘இதுதான் அசல்’ என்று சத்தியம் செய்யும். இரும்புத்தூள் போக எல்லாவற்றிலும் ஆட்கள் அதே நாலு பேர்தான்: ஃபெல்ஸ்பார், சிலிக்கா, வைட்டிங் என்கிற சுண்ணப்பொடி, வெள்ளைக் களிமண். நாலும் வெள்ளை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதனால் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். பொடியை நிறுத்து வாளிக்குள் கொட்டின பிறகுதான் நோட்டில் டிக். டிக் இருந்தால் போட்டாயிற்று, டிக் இல்லையென்றால் போடவில்லை.

சூளைக்கு ஐந்தாறு கலவையாக வைத்துச் சுட்டதில் முதல் அறுபத்திரண்டும் சொதப்பல். ஒன்று சிமெண்ட் நிறம், ஒன்று சேற்று நிறம், ஒன்று பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி. அறுபத்து மூன்றாவது அன்றைக்குச் சூளைக் கதவுச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தவள், ஐந்தாவது செங்கல்லோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க! ஏங்க, ஓடி வாங்க!"

கை சுட்டுவிட்டதோ என்று ஸ்பேனரோடு ஓடிவந்த மனுஷன், கிண்ணத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டார். அதே பச்சை! அடியில் ஒரே ஒரு சொட்டு வழிந்து முத்து மாதிரி நின்றது. அக்கா சிரித்தாள், அழுதாள், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லையை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

புருஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பெரிய ஹோட்டலில் அடுப்பு பார்க்கப் போனபோது கிண்ணத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டே போய்விட்டார். அந்த ஹோட்டல் செஃப் கடுகடுப்பான ஆள். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அறுபது வேணும். புது ஹோட்டல் திறக்கிறோம். ஆனா முதல்ல இதே மாதிரி அஞ்சு காட்டுங்க. ஒண்ணு யாருக்கும் தற்செயலா வரும்" என்றார். நாளும் குறித்தார். அக்காவின் விடுப்பு முடிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

ஒரு கிண்ணம் வந்த பிறகு அஞ்சு வராதா? அதே குறிப்பு, அதே பொடி, அதே எடை. கலக்கினாள், ஊற்றினாள், சுட்டார்கள். வந்தது சாம்பல். மறுபடியும் சாம்பல். மூன்று மாதத்தில் பதினொரு தடவை சூளை எரிந்தது, பதினொரு தடவையும் துவைத்து வெளுத்த பழைய சட்டை நிறம்.

அங்கே ஆரம்பித்தது சண்டை.

"உங்க தீதான் சரியில்ல."

"என் தீக்கு என்ன குறைச்சல்? புகைபோக்கித் தட்டு அன்னிக்கு எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கு. உன் பொடியைப் பாரு."

"என் பொடியையா? பன்னிரண்டு வருஷத்துல..."

"தெரியும் தெரியும், ஒரு தப்பு கிடையாது. ஊருக்கே தெரியும்."

அவள் சொல்கிறாளே என்று அவரும் பர்னரைக் கழற்றி மாட்டினார், சூளைக்குள் மேல்தட்டு, கீழ்த்தட்டு, மூலை என்று எல்லா இடத்திலும் கிண்ணம் வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. தீயைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பொடியைப் பற்றிப் பேச அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

கடைசி வாரம் வியாழக்கிழமை மதியம். பதினோராவது சாம்பல் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை சூளையை எரிக்கத்தான் நாள் இருந்தது. தொழிற்சாலைச் சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று.

புருஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நானும் தப்பு பண்ணல, நீயும் தப்பு பண்ணல. பதினோரு தடவையும் எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கோம். அப்போ அந்த முதல் கிண்ணம்தான் தப்பு பண்ணியிருக்கு. போயி அதைக் கேளு!"

அக்காவுக்குப் பொறி தட்டியது. எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பச்சைக் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் அந்தச் சொட்டு. பதினோரு கிண்ணத்தில் ஒன்றுகூட இப்படி வழியவில்லை. அன்றைக்குச் சூடு கொஞ்சம் கூடிவிட்டது என்று இத்தனை நாளும் அவருடைய கணக்கில் எழுதிவைத்திருந்தாள். சூடு கூடினால்தானா வழியும்? சீக்கிரம் உருகவைக்கிற பொடி அதிகமாக விழுந்தாலும் வழியுமே. சாம்பல் வந்ததெல்லாம் சரியான கலவை. பச்சை வந்ததுதான் தப்பான கலவை. மூன்று மாதமாக இரண்டு பேரும் தப்பைத் தப்பே இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்!

"ஜாடிங்களை எடுங்க" என்றாள்.

தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் ஜாடிகளை எடைபோட்டுச் சரிபார்ப்பார்கள். வீட்டில் அந்த வழக்கம் இல்லை. நிறுக்கிறது நாம், நம்மையே நாம் சந்தேகப்படுவதா என்று விட்டுவிட்டாள். ஆனால் ஒவ்வொரு ஜாடியிலும் வாங்கின எடையும், ஒவ்வொரு கலவைக்கும் எடுத்த எடையும் ஒட்டுத்தாளில் எழுதியிருந்தது. கழித்துப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஃபெல்ஸ்பார் ஜாடி தராசில் ஏறியது. சரியாக இருந்தது. சிலிக்கா சரி. களிமண் சரி. கடைசியாக வைட்டிங் ஜாடியை வைத்தாள்.

தொண்ணூற்றொரு கிராம் குறைந்தது.

அறுபத்து மூன்றாம் கலவையின் பக்கத்தைப் புரட்டினாள். வைட்டிங்: தொண்ணூறு கிராம். உருகவைக்கிற சுண்ணம் இரண்டு தடவை விழுந்திருக்கிறது!

"அந்த ஒரு கிராம்?" என்றார் புருஷன்.

"சிந்தியிருக்கும்" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை நம்ப முடியாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நோட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். பார்த்தவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ஏய், இது ஸ்கூட்டர் சாவி தொலைஞ்ச அன்னிக்கு! ஒரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு உனக்குப் போன் பண்ணேன். நீ வீடு பூராத் தேடிட்டு, கடைசில என்ன சொன்னே?"

"சட்டைப் பையைப் பாருங்கன்னு சொன்னேன்."

"இருந்துச்சு!"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வைட்டிங்கை வாளியில் கொட்டியிருக்கிறாள். டிக் போடுவதற்குள் போன். சாவி தேடிக் கத்திவிட்டுத் திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் டிக் இல்லை. டிக் இல்லையென்றால் போடவில்லை. சட்டப்படி இன்னொரு தொண்ணூறு. அவளுடைய சட்டமே அவளைக் கவிழ்த்திருக்கிறது.

"அப்போ அந்தப் பச்சை என் பச்சை. நான் போன் பண்ணலேன்னா வந்திருக்குமா?"

"என் தப்புதாங்க. உங்க தீ மேல ஒரு குறையும் இல்ல."

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடு. சுவத்துல மாட்டணும்."

மாட்டுவதற்கெல்லாம் யாருக்கு நேரம்? வெள்ளிக்கிழமை காலை நூற்றெண்பது கிராம் வைட்டிங்கோடு கலவை தயாரானது. சல்லடையில் இரண்டு தடவை சலித்தாள். முதல் சூடு காட்டி வைத்திருந்த கிண்ணங்களில் ஆறை எடுத்து, வழிந்தாலும் தட்டில் ஒட்டாதபடி அடியில் ஒரு விரற்கடை விட்டுப் பூசினாள். சனிக்கிழமை விடிந்ததும் பர்னர் நாலும் சீறின. உள்ளே வைத்த சின்ன மண்கூம்பு வளைந்தால் சூடு போதும் என்று அர்த்தம். துளை வழியாக அதையே பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறி நின்றார்கள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் அவருடைய புகைபோக்கித் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மணிக்குக் கூம்பு பணிவாகக் குனிந்தது.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கதவைப் பிரித்தாள். சூளை இன்னும் கதகதவென்று இருந்தது. முதல் செங்கல், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதை எடுத்ததும் புருஷன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "அடேயப்பா!" என்றார்.

பச்சை. ஆறும் பச்சை! ஒன்று மட்டும் வழிந்து தட்டோடு பிடித்துக்கொண்டது. மீதி அஞ்சும் கைக்கு வந்தன. இதழ்ப் பள்ளங்களில் பச்சை தேங்கி நின்றது. அக்கா ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஐந்து மணிக்குச் செஃப் வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கி ஒவ்வொரு கிண்ணத்திலும் ஊற்றினார். பழைய கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினார். பிறகு கேட்டார், "அறுபதும் இப்படியே வருமா?"

"வரும் சார். தப்பு என்னன்னு இப்ப சரியா தெரிஞ்சுடுச்சு."

செஃப்புக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். "சரி, அறுபது" என்றார் செஃப்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. கொடியில் சீருடை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கிராம் அக்கா பெரிய வாளியை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஃபெல்ஸ்பார், டிக். சிலிக்கா, டிக். வைட்டிங் ஜாடியைத் திறந்து, கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"என்னக்கா, எட்டு மணி ஆச்சு. எடை அறை காலியாக் கிடக்கு?"

"இனிமே வரல சார்."

"ஏன்க்கா, உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்பெல்லாம் நல்லாருக்கு சார். பச்சை கிடைச்சிடுச்சு."

அவர் ஏதேதோ கேட்டார், அவள் ஏதேதோ சொன்னாள். பன்னிரண்டு வருஷம் பழகின இடம் இல்லையா? போனை வைத்தபோது கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வாளிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து நோட்டைப் பார்த்தாள்.

வைட்டிங்குக்கு நேரே டிக் இல்லை.

வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைமேல் வெள்ளை. வாசலில் நின்றிருந்த புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"போட்டியா, போடலியா?"

"தெரியலீங்க" என்றாள் கிராம் அக்கா. சொன்ன மறுகணம் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு வைட்டிங் ஜாடியைத் தூக்கித் தராசில் வைத்தாள்.